வெயில் படாத பச்சை

காலை நேரத்தில் மேகப்பாளையம் முழுவதும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். சூரியன்மேல் யாருக்கும் கோபமில்லை. அது சாப்பாட்டு நேரம்.

ஆவுடையப்பன் வீட்டு மாடத்தில், குதிகால் மூழ்கும் அளவுக்கு நீர் ஊற்றிய தட்டுகள் வரிசையாக இருந்தன. அவர் தன் தட்டில் இறங்கி நின்று, தோள்பட்டையை ஒரு குலுக்குக் குலுக்கி, முதுகில் சுருண்டு கிடந்த தோகையை விரித்தார். இருபுறமும் ஆளுயரத்துக்கு விரிந்த அந்தப் பச்சை இலையில் வெயில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னைக்கு வெயில் நல்ல பதம். நேத்து கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு."

பக்கத்துத் தட்டில் அவர் மனைவி செண்பகவடிவு நின்றாள். அவள் தோகை பாதிதான் விரிந்திருந்தது. பாதி விரித்தால் அரைவயிறுதான் நிரம்பும். ஆனால் நிறம் கெடாது.

மேகப்பாளையம் வெள்ளிக் கோளில் இருக்கிறது. தரையில் இல்லை, அந்தத் தரையில் ஈயத்தை வைத்தால் உருகி ஓடும். ஆகவே ஊர், மேகங்களுக்கு மேலே, ஒளி புகும் ஒரு மாபெரும் பைக்குள் மிதக்கிறது. வெளியே நிறைந்திருக்கும் கரிவளி, அதாவது கரியமில வாயு, கனமானது. மனிதர் மூச்சுவிடும் காற்று அதைவிட லேசு. ஊரார் மூச்சுவிடும் காற்றேதான் ஊரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முதலில் குடியேறியவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். உழுவதற்கு மண் இல்லை. ஆனால் வெயில் இருந்தது, பூமியில் அடிப்பதைப் போல இரண்டு பங்கு. கரிவளி இருந்தது, அள்ள அள்ளக் குறையாமல். இந்த இரண்டோடு கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்துச் சாப்பாடு செய்வது எந்தக் கீரைக்கும் தெரியும், மனிதனுக்கு மட்டும் ஏன் தெரியக் கூடாது என்று ஒரு விஞ்ஞானி கேட்டார். கேட்டதோடு நிற்காமல் செய்தும் விட்டார்.

அன்றிலிருந்து அங்கே பிறப்பவர்களுக்குக் குதிகாலில் மயிரிழைபோல் வேர்கள் உண்டு. அவை தட்டிலுள்ள தண்ணீரையும் உப்புகளையும் உறிஞ்சும். முதுகெலும்பை ஒட்டி இரண்டு குழல்கள் ஓடும்: ஒன்று தண்ணீரைத் தோகைக்கு ஏற்றும், மற்றது தோகை சமைத்த சர்க்கரையை உடம்பெங்கும் இறக்கும். தண்டுவடம் என்று எப்போதோ யாரோ வைத்த பெயருக்கு அப்போதுதான் முழுப் பொருள் கிடைத்தது. தண்ணீரை ஏற்ற எந்த இயந்திரமும் இல்லை. தோகையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடி வாய்கள் இருக்கின்றன. இலைத்துளைகள் என்று அவற்றுக்குப் பெயர். அவை கரிவளியை வாங்கத் திறக்கும்போது ஈரம் ஆவியாகி வெளியே போகும். போகிற ஈரம் தன் பின்னால் உள்ள தண்ணீரை இழுக்கும், அது தன் பின்னால் உள்ளதை இழுக்கும், இப்படியே குதிகால்வரை. "மேலே வேர்த்தால்தான் கீழே வேர் குடிக்கும்" என்பது அந்த ஊர்ப் பழமொழி. மிஞ்சும் சர்க்கரை மாவாகித் தொடையில் தங்கும். காற்று ஊரை இழுத்துக்கொண்டு கோளின் இருட்டுப் பக்கம் போகும்போது அதுதான் சோறு. ஒருத்தியைக் "கிழங்காட்டம் இருக்கா" என்றால் அங்கே அது பாராட்டு. இந்தச் சமையலில் கழிவாக வெளியேறுவதுதான் உயிர்வளி. ஒருவர் சாப்பிட்ட மிச்சத்தைத்தான் அடுத்தவர் மூச்சாக இழுக்கிறார்.

பூவும் உண்டு. பெண்களுக்குப் பிடரியில், ஆண்களுக்கு வலது காதின் பின்னால். தோகை வயிறாரச் சாப்பிட்டு, மனமும் நிறைந்தால்தான் அரும்பு கட்டும். பூமியில் மாப்பிள்ளையின் தாய் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டால் கல்யாணம் உறுதி. இங்கே பெண்ணின் சொந்தப் பூவை மாப்பிள்ளையின் தாய் தொட்டுப் பார்ப்பாள். மாப்பிள்ளையின் காதுப்பூவைப் பெண்ணின் தகப்பனார் தொட்டுப் பார்ப்பார். அதற்கும் "பூ வைத்தல்" என்றே பெயர்.

அன்று மாடத்தில் ஒரு தட்டு காலியாக இருந்தது. அதற்குரிய மகள் வஞ்சி, பின்னறையில் கனத்த திரைக்குப் பின்னால், தோகையைச் சுருட்டிக்கொண்டு பட்டினி கிடந்தாள்.

"ஏட்டி, திரைய வெலக்கிராத!" என்று மாடத்திலிருந்து செண்பகவடிவு குரல் கொடுத்தாள்.

"வெலக்கலம்மா. வெலக்கக் கையில தெம்பு இல்ல."

ஊர்ப் பையின் உச்சியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கிழிசல் ஒட்டுவது வஞ்சியின் வேலை. அவளுக்கும் சூரியனுக்கும் நடுவே பையின் மெல்லிய உறை ஒன்றுதான். நல்ல வெயிலில் வளரும் இலை தடித்து வெளிறித்தான் இருக்கும். அவள் தோகை வாழைக்குருத்து நிறம்.

மேகப்பாளையத்தில் அழகு என்றால் கரும்பச்சை. தொடக்கத்தில் ஊரை ஆண்ட அதிகாரிகள் குழாயில் வந்த சர்க்கரையைக் குடித்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நிழலில் இருந்த தோகை கறுத்தது. கறுத்த தோகை பெரிய இடத்துத் தோகை ஆயிற்று. "கறிவேப்பிலை நிறத்தில் மணமகள் தேவை" என்று விளம்பரம் செய்தார்கள். வஞ்சியைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "பிள்ளை தங்கமான பிள்ளைதான், நெறம்தான் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அதைப் பற்றி வஞ்சிக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை, தளவாய் உச்சிக்கு வரும்வரை. அவன் காற்றளவன். ஊர்க்காற்றில் கரிவளி எவ்வளவு, உயிர்வளி எவ்வளவு என்று அளந்து சொல்கிறவன். உச்சிக் காற்றை அளக்க ஏறியவன் கயிற்றில் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கினான்.

"எறங்குற வழி எது?" என்று கேட்டான், தலைகீழாகவே.

"அதான் எறங்குற வழி. கயித்த விட்டாப் போதும்" என்றாள் வஞ்சி.

"விட்டா?"

"ஊர் வந்துரும்."

அவன் சிரித்த சிரிப்பில் கயிறு ஆடியது. அவன் கையிலிருந்த காற்றளக்கும் கருவியான அளவி, அவன் மூச்சு பட்டதும், "கூ" என்றது. அடுத்த நாள் வஞ்சியின் பிடரி அரித்தது. தொட்டுப் பார்த்தால் மிளகு அளவில் ஓர் அரும்பு. காற்றளவனின் காதுக்குப் பின்னாலும் ஒன்று வந்திருப்பதாக ஊரில் பேச்சு.

தரகர் இரண்டு வீட்டுக்கும் நடந்தார். தளவாயின் தாய் உலகம்மாளுக்கு எல்லாம் பிடித்திருந்தது. "ஆனா மருமக கறிவேப்பிலையா இருக்கணும். எங்க குடும்பத்துல வெளுத்த இலை கெடையாது" என்று சொல்லி அனுப்பினாள். அன்றே செண்பகவடிவு பின்னறைக்குத் திரை தைத்தாள். தளவாய் வேண்டும் என்பதால் வஞ்சியும் வாய் பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

உயிர் போகாமல் இருக்க அவ்வப்போது ஒரு மடக்குக் குப்பிச் சர்க்கரை கிடைத்தது. மற்றபடி பசி. பசியில் அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. திரையின் தையலை எண்ணிப் பாட்டுக் கட்டினாள். தோகையோ நாளுக்கு நாள் கறுத்தது. வெளிச்சம் குறைந்தால் இலை, கிடைக்கிற துளி வெளிச்சத்தையும் வழித்து எடுப்பதற்காகப் பச்சையத்தை மேலும் மேலும் அடுக்கிக்கொள்ளும். ஊர் அழகு என்று கொண்டாடியது பசியின் நிறத்தை. அது தெரியாமல் செண்பகவடிவு மகளின் தோகையைத் தூக்கிப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

"பாத்தியாட்டி, எப்படி ஏறியிருக்குன்னு! உலகம்மா மயங்கி விழப்போறா."

"நான் மொதல்ல விழுந்துருவேன்" என்றாள் வஞ்சி.

நிறம் ஏறிய அளவுக்கு வேறொன்று இறங்கியது. சாப்பாடு வராத செடி முதலில் கைகழுவுவது பூவைத்தான். பெண் பார்க்க வருகிற நாளன்று காலையில் வஞ்சி தலை வாரும்போது, பிடரியின் அரும்பு சீப்போடு வந்துவிட்டது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். வெயிலில் நின்றால் பூ கிடைக்கும், நிறம் போகும். நிழலில் இருந்தால் நிறம் கிடைக்கும், பூ போகும். தளவாய் வேண்டுமென்றால் இரண்டும் வேண்டும்.

"பூ இல்லாம எப்படிம்மா பூ வைப்பாவ?" என்று கேட்டாள் வஞ்சி.

செண்பகவடிவு அலமாரியைத் திறந்து, பட்டுத்துணியில் செய்த பூ ஒன்றை எடுத்தாள். முன்னேற்பாடுள்ள பெண்மணி.

"எம்மா, இது துணிம்மா."

"தொட்டுத்தானட்டி பாப்பாவ, மோந்தா பாப்பாவ? குனி." பசையைத் தடவி ஒட்டினாள்.

பூ வைக்கும் சடங்கு சமுதாயக் கூடத்தில். இரு வீட்டாரும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டபடி, கூரையின் ஒளித்தட்டிகளோடு கதவு சன்னல்களையும் இடுக்கில்லாமல் அடைத்திருந்தார்கள். கூடம் நிறைய உறவுக்காரர்கள். விசேஷத்துக்கு வருவதற்காக அத்தனை பேரும் ஒரு வாரமாக நிழலில் கிடந்து, கறுகறுவென்று பளபளத்தார்கள். எல்லார் முகத்திலும் விசேஷக் களை. எல்லார் வயிற்றிலும் பசி.

தளவாய் உள்ளே வந்ததும் வஞ்சிக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கால் பின்னி நடந்து வந்தான். அவன் தோகை அவளுடையதைவிடக் கறுப்பு. அவன் அம்மாவும் திரை தைத்திருக்கிறாள் என்று அவளுக்குச் சட்டென்று புரிந்தது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் காதுப்பூ மட்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாத கம்பீரத்தோடு நிமிர்ந்து நின்றது. இடுப்பில் தொங்கிய அளவி "கூ" என்றது. வெட்கத்தோடு அதன்மேல் கை வைத்து மூடினான்.

உலகம்மாள் வஞ்சியைச் சுற்றி வந்தாள். "நெறம்னா இதுல்லா நெறம்! யாரு என்னமோ வாழைக்குருத்துன்னாவ, கண்ணு அவிஞ்ச பயலுவ."

"மதினி, நாங்க பிள்ளைய வெயில் படாம வளத்தோம்" என்று செண்பகவடிவு கூசாமல் சொன்னாள்.

ஆவுடையப்பன் மாப்பிள்ளையின் காதுப்பூவைத் தொட எழுந்தார். அந்த நேரம் பார்த்துத் தளவாய்க்குத் தலை சுற்றியது. அவன் ஒருபக்கமாகச் சாய, இவர் தாங்கிப் பிடிக்கக் கை நீட்ட, மாப்பிள்ளை தரையில் விழுந்தான். பூ அவர் கையில் இருந்தது. திருப்பிப் பார்த்தார். காகிதம்.

"காதுல பூ சுத்திட்டாவளே!" என்று அலறினார்.

தமிழர்கள் எத்தனையோ தலைமுறையாகச் சொல்லிவந்த வசை அது. ஆனால் கையில் பூவோடு அதைச் சொல்லும் வாய்ப்பு ஆவுடையப்பனுக்குத்தான் அமைந்தது.

உலகம்மாள் விடுவாளா? "எங்களைச் சொல்ல வந்துட்டாராக்கும்! அப்ப இது என்னவாம்?" என்று வஞ்சியின் பிடரியில் கை வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். பட்டுப்பூ பசையோடு வந்தது.

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "துணிப்பூ வச்சிப் பொண்ணத் தள்ளப் பாத்தியளா!" "காகிதப்பூ ஒசத்தியோ?" "ஏவே, கைய எடும் வே!" தளவாயின் அளவி இப்போது நிறுத்தாமல் ஊளையிட்டது. அதை யாரும் சட்டை செய்யவில்லை.

வஞ்சி தரையில் கிடந்தவன் அருகே மண்டியிட்டாள். "என்ன சொல்லுது அது?"

"உயிர்வளி இல்லங்குது." தளவாய்க்கு மூச்சு இரைத்தது. "எல்லாரும் இழுக்கோம். உண்டாக்க ஆளில்ல. இத்தன பேருல ஒருத்தர்கூட சாப்பிடல, வஞ்சி. யாராவது ஒடனே சாப்பிடலன்னா செத்தோம்."

வஞ்சி நிமிர்ந்து பார்த்தாள். கத்திக்கொண்டிருந்தவர்கள் தூணில் சாய்ந்து கத்தினார்கள். சிலர் உட்கார்ந்துகொண்டு கத்தினார்கள். ஆவுடையப்பன் வாயைத் திறந்து திறந்து மூடினார், குரல் வரவில்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுத்தூணில் ஏறினாள். உச்சிவரை ஏறிப் பழகிய கை. இன்று பசியில் பிடி நழுவியது. பாதியில் ஒருமுறை சறுக்கினாள். கீழேயிருந்து செண்பகவடிவுக்கு விஷயம் புரிந்தது.

"ஏட்டி! தட்டியத் தொறக்காத! நெறம் போயிரும்!"

"நெறம் இருக்கும்மா, நாமதான் இருக்க மாட்டோம்!" என்று மேலிருந்து சொல்லிவிட்டு, வஞ்சி தட்டிகளின் கயிற்றை முழுப்பலத்தோடு இழுத்தாள்.

வெயில் கொட்டியது.

பட்டினி கிடந்த இலைக்கு வெயிலைக் கண்டால் மரியாதை தெரியாது. யாரும் நினைத்து விரிக்கவில்லை. அத்தனை தோகைகளும் படபடவென்று தாமாக விரிந்தன. இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. சம்பந்திகள் ஒருவர் முதுகில் ஒருவர் நிழல் விழாதபடி நெளிந்து வளைந்து நின்றார்கள். திட்டு ஒவ்வொன்றும் பாதிச் சொல்லில் நின்றது. வாய் நிறையச் சோற்றோடு யாரால் சண்டை போட முடியும்?

இன்னொன்றும் நடந்தது. வெயில் அளவுக்கு மீறினால் இலைக்குள் இருக்கும் பச்சைய மணிகள் சூடு தாங்காத கூட்டம்போல் சுவரோரம் ஒதுங்கிக்கொள்ளும். இலை வெளிறித் தெரியும். எல்லார் கண்ணெதிரிலும் எல்லார் நிறமும் இறங்கியது. பெரிய இடம், சின்ன இடம், பெண் வீடு, பிள்ளை வீடு, எல்லாம் ஒரே வெளிறல். உலகம்மாள் தன் தோகையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். வாழைக்குருத்து. மூடிக்கொள்ளத்தான் நினைத்தாள். ஆனால் முழுவயிற்றுக்கு வெயில் சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கண்கள் தாமாகச் செருகின.

"எம்மாடி," என்று முனகினாள், "இவ்வளவு ருசியாவா இருக்கும்?"

அளவியின் ஊளை அடங்கியது. தூணில் தொங்கிய வஞ்சி கீழே பார்த்துச் சிரித்தாள். மல்லாந்து கிடந்த தளவாயும் சிரித்தான்.

"எறங்குற வழி தெரியுமா?" என்று கேட்டான்.

வயிறு நிறைந்தவர்களுக்குப் பேச்சுவார்த்தை சுலபம். யார் பூ பொய்ப்பூ என்று பேச இரு வீட்டாருக்கும் வாயில்லாததால், பேசாமலே கல்யாணம் பேசி முடிந்தது. நிபந்தனை ஒன்றே: பூ நிஜமாக வர வேண்டும். வஞ்சி மறுபடி உச்சிக்குப் போனாள். காற்றை அளக்க வேண்டிய அவசியம் தளவாய்க்கு அடிக்கடி ஏற்பட்டது. இருவரும் வெயிலில் தொங்கி, வெளுத்து, கிழங்காகி, ஒரு நாள் அவள் பிடரியிலும் அவன் காதிலும் கைப்பிடி அளவுக்குப் பூத்து இறங்கி வந்தார்கள். தேனீ இல்லாத ஊரில் அந்த வாசனை தெருத்தெருவாகத் திரிந்தது. ஆவுடையப்பன் காதுப்பூவைத் தொட்டு, முகர்ந்து, லேசாக இழுத்தும் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்.

அவர்களுடைய கல்யாணப் படம் ஊரையே புரட்டிப்போட்டது. வெளிறிய தோகை, மலர்ந்த பூ, உருண்டு திரண்ட தொடை. நல்ல வெயிலில் நின்று நன்றாகச் சாப்பிடுகிற நிறம் அது என்று ஊர் கண்டுகொண்டது. சில மாதங்களில் "வாழைக்குருத்து நிறத்தில் மணமகள் தேவை" என்று விளம்பரங்கள் மாறின. கறிவேப்பிலை என்பது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்யும் சொல்லாயிற்று. அறிவு வென்றது என்று தளவாய் மகிழ்ந்தான். ஊரெல்லாம் வெயிலில் நிற்கும், உயிர்வளி பெருகும், இனி அளவிக்கு வேலையே இருக்காது என்று வஞ்சியிடம் சொன்னான்.

அளவி அடுத்த வாரமே "கூ" என்றது.

கருவி பழுது என்று நினைத்து மாற்றினான். புதியதும் அதையே சொன்னது. ஊர்க்காற்றில் உயிர்வளி முன்னைவிட வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. வஞ்சி தெருவில் நடந்தாள். காலைச் சாப்பாட்டு நேரம். மாடங்களில் ஒருவரும் இல்லை. தட்டுகள் காய்ந்து கிடந்தன. அம்மா வீட்டுக்குள் நுழைந்து பின்னறைத் திரையை விலக்கினாள். உள்ளே செண்பகவடிவும் உலகம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி தோகைக்கு மற்றொருத்தி வெள்ளையாக எதையோ வழித்து வழித்துப் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, திரைய மூடு, மூடு!" என்று இருவரும் சேர்ந்து கத்தினார்கள்.

"என்னம்மா இது?"

"வெளுப்புக் களிம்பு. பூமியில இருந்து வந்துருக்கு. அங்க ஆளுவ ரொம்ப காலமா பூசுதாவளாம்" என்றாள் உலகம்மாள் பெருமையோடு. "இப்ப இலைக்கும் தோதா செஞ்சிருக்கான்."

"அதுக்கு ஏன் இருட்டுல உக்காந்திருக்கிய?"

"இது பூசுனா வெயில் படக் கூடாதுட்டி, பட்டா கரைஞ்சிரும்" என்றாள் செண்பகவடிவு.

பசியில் இருவருக்கும் கண் உள்ளே போயிருந்தது. வஞ்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பட்டினி கெடந்து இத எதுக்கும்மா பூசணும்?"

இவ்வளவு வளர்ந்த பிள்ளைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று செண்பகவடிவு சம்பந்தியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"நல்லா வெயில்ல நிக்கிறவ மாதிரி தெரியணும்லாட்டி!"